இசைத்தட்டும் இரவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



நிறைவு விழாவில் உரையாற்ற என்னை அழைத்தபோது, சங்க இலக்கியம் பற்றியோ சிலம்பு பற்றியோ பேசுவேன் என்றே அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் கொடுத்த தலைப்போ நியூயார்க் நகரத்து இரவுகளில் இசைத்தட்டு போட்டவர்களைப் பற்றியது. அழைப்பிதழ் அச்சாகி வந்ததும் நம் மூத்த கவிஞர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "அம்மா, தாமும் பாடாமல், தாமும் வாசிக்காமல், பிறர் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தவர்களைப் பற்றிக் கவிஞர்கள் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. அக்கேள்வியையே இவ்வுரையின் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

'டி.ஜே.' என்பது 'டிஸ்க் ஜாக்கி' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். முதலில் வானொலியில் இசைத்தட்டுகளை அறிவித்து ஒலிபரப்புபவரைக் குறித்த இச்சொல், பின்னர் நடனக் கூடங்களில் இசைத்தட்டு போடுபவர்க்கும் உரியதாயிற்று. இன்று நம் ஊர்த் திருமண மண்டபங்களில் இப்பெயரோடு வந்து இறங்கும் ஒலிபெருக்கிகளால் செவி நொந்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அந்த நோவைச் சிறிது நேரம் மறந்து என்னுடன் வர வேண்டுகிறேன்.

இவர்கள் நேசித்த இசை எது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஒலித்த வழிபாட்டு இசைக்குக் 'காஸ்பல்' என்று பெயர். கண்ணீரும் கைத்தட்டலும் கூவலும் கலந்த இசை அது. 1954இல் ரே சார்லஸ் என்னும் பார்வையற்ற கலைஞர், அந்த இசையின் அச்சிலேயே, ஓர் ஆடவன் தன் காதலியைப் புகழ்ந்து பாடுவதாக ஒரு பாட்டைப் பதிவு செய்தார். கடவுளுக்குரிய இசையைக் களியாட்டத்திற்குக் கொண்டு போனார் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 'சோல்', அதாவது ஆன்மா, என்று பின்னர் பெயர் பெற்ற இசையின் தொடக்கங்களுள் இஃது ஒன்று. நம் ஆழ்வார்களும் நாயன்மார்களும் அகத்திணைத் தலைவியின் ஏக்கத்தை இறைவன்பால் கொண்டு சென்றார்கள். இவர்கள் இறைவன்பால் இருந்த ஏக்கத்தை மானிடக் காதலுக்கு இறக்கி வந்தார்கள். திசை வேறாயினும் நடந்த பாதை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1965இல் ஒட்டிஸ் ரெடிங் என்னும் பாடகர், உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆண்மகன் மனைவியிடம் மதிப்பு வேண்டுவதாக ஒரு பாட்டை எழுதிப் பாடினார். இரண்டே ஆண்டுகளில், 1967இல், அரீதா ஃபிராங்க்ளின் அதே பாட்டை எடுத்துப் பெண்ணொருத்தியின் உரிமைக் குரலாக மாற்றிவிட்டார். பெரும்பாலான சொற்கள் அவையே, வாய்தான் வேறு. இன்று உலகம் அதை அரீதாவின் பாட்டு என்றே அறியும். பிறர் பாட்டு எந்தக் கணத்தில் தம் பாட்டாகிறது என்னும் சிக்கல், டி.ஜே.க்கள் வருவதற்கு முன்பே இவ்விசையின் உள்ளே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது 'ஃபங்க்'. 1965க்கும் 1967க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஜேம்ஸ் பிரவுன் வெளியிட்ட தட்டுகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கிட்டார், ஊதுகருவிகள், ஏன், பாடகரின் குரலும்கூடத் தாளக் கருவிகளாயின. ராகம் பின்வாங்கியது, தாளம் முன்வந்தது. தாள வட்டத்தின் முதல் அடியில் எல்லாரும் ஒருசேர வந்து விழவேண்டும் என்பது பிரவுன் தம் குழுவினருக்கு விதித்த சட்டம். நம் கச்சேரிகளில் சமத்தில் வந்து சேரும்போது அவை தலையசைக்கிறதல்லவா? அந்த மகிழ்ச்சியைப் பாட்டு முழுவதும் நிரப்பி வைத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் ஃபங்க் ஓரளவு விளங்கும்.

இப்பாட்டுகள் சிலவற்றின் நடுவே ஓர் இடம் வரும். மற்றக் கருவிகள் யாவும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் தனித்து முழங்கும். சில நொடிகள்தாம்; பின்னர் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள். இதற்குப் 'பிரேக்' என்று பெயர். நமக்குத் தெரிந்த தனி ஆவர்த்தனத்தின் மிகச் சிறிய தம்பி என்று கொள்ளலாம். ஒரு வேறுபாடு உண்டு. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நம் அவையில் ஒரு பகுதி காப்பி குடிக்க எழுந்து போகும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி இளைஞர்களோ, அதுவரை சுவரோரம் சாய்ந்து நின்றவர்கள், அந்த இடம் வந்ததும் கூடத்தின் நடுவே பாய்ந்தார்கள். இதைக் கவனித்த ஒருவரிடமிருந்துதான் என் கதை தொடங்குகிறது.

கிளைவ் கேம்பெல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1955இல் பிறந்தவர். 1967இல் குடும்பத்தோடு நியூயார்க்கின் பிராங்க்ஸுக்கு வந்து சேர்ந்தார். ஓங்கிய உடற்கட்டினால் ஹெர்குலிஸ் என்று அழைக்கப்பட்டு, அது சுருங்கிக் 'கூல் ஹெர்க்' ஆனவர். அந்நாளைய பிராங்க்ஸ் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். ராபர்ட் மோசஸ் என்னும் செல்வாக்கு மிக்க நகர அதிகாரியின் திட்டப்படி, குடியிருப்புகளின் நடுவே ஒரு விரைவுச் சாலை 1948 முதல் 1972 வரை வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர், முடிந்தவர்கள் வெளியேறினர், முடியாதவர்கள் தங்கினர். மதிப்பிழந்த கட்டடங்களில் காப்பீட்டுத் தொகைக்காக உரிமையாளர்களே தீ வைத்ததும் உண்டு. தெருக்களை இளைஞர் கும்பல்கள் பங்கிட்டுக் கொண்டிருந்தன. 1971 இறுதியில்தான் அவை கூடிப் பேசிச் சண்டை நிறுத்தம் செய்துகொண்டன. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அச்சமின்றி நடனமாடப் போகலாம் என்னும் நிலை அதற்குப் பின்னரே வந்தது.

1973 ஆகஸ்டு 11. செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக் கூடம். ஹெர்க்கின் தங்கை சிண்டி, பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதற்காக ஒரு நடன விருந்து ஏற்பாடு செய்தாள். கையால் எழுதிய அழைப்பு அட்டைகள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இரவு ஒன்பது மணி முதல் விடியற்காலை நான்கு மணி வரை. இசைத்தட்டு போட அண்ணனை அழைத்தாள். ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று இன்று உலகம் கொண்டாடுவது இந்த நாளைத்தான். 2023இல் அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவு பெருவிழாவாகவே நடந்தது. விருந்து தங்கையுடையது, கணக்கும் கட்டணமும் அழைப்பும் தங்கையுடையவை, வரலாறு மட்டும் அண்ணனுடையது! இலக்கிய வரலாறு பயிற்றுபவள் என்னும் முறையில் இது எனக்குப் புதிய செய்தியன்று. ஆகவே மேலே செல்கிறேன்.

ஹெர்க் தட்டு போடும்போது ஆடுவோரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இது சிறிய செய்தி போலத் தோன்றும். பாட்டை நேசிப்பவர்கள் பெரும்பாலும் கண்களை மூடிக்கொள்வார்கள். இவர் திறந்து வைத்திருந்தார். பாட்டின் எந்த இடத்திற்காக அவர்கள் காத்திருக்கிறார்கள், எந்த இடத்தில் சோர்கிறார்கள் என்று பார்த்தார். மூன்று நிமிடப் பாட்டில் அவர்கள் காத்திருந்தது சில நொடி பிரேக்குக்காகவே என்று கண்டார். அப்படியானால் அந்தச் சில நொடிகளையே நீட்டினால் என்ன?

அதற்கு அவர் கண்ட வழி எளிமையானது. ஒரே இசைத்தட்டில் இரண்டு படிகள் வாங்கினார். அருகருகே இரண்டு டர்ன்டேபிள்கள். ஒன்றில் பிரேக் ஒலித்து முடியும் தருணத்தில், மற்றதில் முள்ளை அதே பிரேக்கின் தொடக்கத்தில் வைப்பார். அது ஒலிக்கும்போது முதல் தட்டின் முள்ளை எடுத்துப் பழைய இடத்திற்குக் கொண்டு போவார். இவ்வாறு மாறி மாறி, பத்து நொடி முழக்கம் ஐந்து நிமிடமாக நீண்டது. 'ராட்டினம்' என்று பொருள்படும் பெயரை இதற்கு இட்டார். ஜேம்ஸ் பிரவுனின் தட்டுகளும், இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட் என்னும் குழு 1973இல் வெளியிட்ட 'அப்பாச்சி'யும், பேப் ரூத் என்னும் ஆங்கிலேய ராக் குழுவின் 'தி மெக்சிகன்' என்னும் பாட்டும் இந்த ராட்டினத்தில் சுழன்றன. இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். பின்னிரண்டும் கறுப்பின மக்களின் தட்டுகள் என்று கடைகளில் அடுக்கப்பட்டவை அல்ல. யார் பாடினார்கள், எந்த நிறம், எந்த நாடு என்று ஹெர்க் கேட்கவில்லை. முழக்கத்தில் ஃபங்க் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஃபங்க் என்பதை ஒரு வகைப்பெயராகக் கொள்ளாமல் ஒரு குணமாகக் கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

அவர் முள்ளை வைத்தது கண் அளவால். சில வேளை தவறும், தாளம் இடறும். அக்குறையைத் தீர்த்தவர் பார்படோஸ் தீவில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்த ஜோசப் சாட்லர், 'கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ்' என்னும் பெயரால் அறியப்பட்டவர். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்ற இளைஞர் அவர். ஒரு தட்டு அவையில் ஒலிக்கும்போதே அடுத்த தட்டைத் தம் செவிக்கு மட்டும் கேட்கும்படி காதொலிப்பான் இணைப்பைத் தாமே அமைத்துக்கொண்டார். பிரேக் தொடங்கும் இடத்தில் வண்ணக் குச்சியால் தட்டின்மேல் கோடிட்டார். தட்டைக் கடிகார முகமாக எண்ணி, இத்தனை சுற்று பின்னோக்கித் திருப்பினால் தொடக்கம் வந்துவிடும் என்று கணக்கிட்டார். இசைத்தட்டின் வரிகளில் விரல் படக்கூடாது என்பது வீடுதோறும் இருந்த விதி. அதை முதலில் மீற வேண்டியிருந்தது. அவருக்கு இளையவரான தியடோர் லிவிங்ஸ்டன், பதின்மூன்று வயதை ஒட்டிய பருவத்தில், தம் அறையில் உரக்கத் தட்டு போட்டுக்கொண்டிருக்க, தாயார் கதவைத் தட்டி அதட்டினாராம். அவர் பேசி முடிக்கும் வரை தட்டை நிறுத்தக் கையை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தபோது எழுந்த உரசல் ஒலி அவருக்குப் பிடித்துப் போயிற்று. 'ஸ்கிராட்ச்' என்னும் உத்தி இவ்வாறு பிறந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். உலகில் அன்னையர் அதட்டலுக்கு இலக்கியப் பயன் உண்டு என்று நாம் அறிவோம். இசைப் பயனும் உண்டு போலும்.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1972இல் 'டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200' என்னும் டர்ன்டேபிளை வெளியிட்டது. ரப்பர் வார் இல்லாமல் மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் அமைப்பு. கையால் பிடித்து நிறுத்தி விட்டாலும் நொடிக்கும் குறைவான நேரத்தில் தன் வேகத்தை மீட்டுக்கொள்ளும். வீட்டில் அமர்ந்து அமைதியாகக் கேட்பவர்களுக்கென்று செய்யப்பட்ட இக்கருவியைப் பின்னாளில் டி.ஜே.க்கள் தங்கள் வீணையாக ஆக்கிக்கொண்டார்கள். 1979இல் வந்த இரண்டாம் வடிவத்தில் வேகத்தை மிக நுட்பமாகக் கூட்டவும் குறைக்கவும் நழுவும் திருகி ஒன்றும் சேர்ந்தது.

1981இல் ஃப்ளாஷ் தம் கைவண்ணத்தை ஏழு நிமிட இசைத்தட்டாகவே வெளியிட்டார். ஷீக், குயின், பிளாண்டி முதலிய குழுக்களின் தட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகள் அதில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஃப்ளாஷ் ஒரு சுரமும் பாடவில்லை; ஒரு கருவியும் மீட்டவில்லை. எனினும் அதைக் கேட்பவர் எவரும் அது அவருடைய படைப்பே என்பதில் ஐயம் கொள்ளமாட்டார்.

மூத்த கவிஞரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். பிறர் பாட்டைப் போடுவதில் கலை எங்கே இருக்கிறது? குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்கிறோம். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். இவர்கள் யாரோ எழுதிய பாட்டுகளை எடுத்து அடுக்கியவர்கள். அகநானூற்றின் ஒற்றைப்படை எண்கள் யாவும் பாலைத் திணைக்கு, நான்கும் பதினான்கும் முல்லைக்கு, பத்தும் இருபதும் நெய்தலுக்கு என்று ஒரு தாளக் கணக்கு வைத்து அடுக்கிய செவி ஒரு கலைஞனின் செவிதானே? பிரிவின் வெம்மை ஒன்றுவிட்டு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வந்து தாக்குமாறு செய்தது எந்தப் புலவரும் அல்லர், தொகுத்தவர். ஒப்புமையை மிக நீட்ட நான் விரும்பவில்லை. தொகுத்தவர் ஏட்டின் முன் அமர்ந்தார், டி.ஜே. வியர்த்த கூட்டத்தின் முன் நின்றார். ஆனால் இருவரும் முதலில் சுவைஞர்கள். சுவைத்ததை அப்படியே வைத்துக்கொள்ள மாட்டாமல், இன்னொருவர்க்கு எந்த வரிசையில் கொடுத்தால் தாம் அடைந்ததை அவரும் அடைவார் என்று எண்ணியவர்கள்.

இந்த நேசத்திற்கு ஒரே வடிவம் இருக்க வேண்டும் என்பதில்லை. அதே நியூயார்க்கில், மன்ஹாட்டனில், டேவிட் மான்குசோ என்பவர் 1970இல் தம் இருப்பிடமான பழைய கிடங்கு மாடியில் இரவு விருந்துகள் நடத்தத் தொடங்கினார். மது விற்பனை கிடையாது, அழைப்புள்ளவர்க்கே அனுமதி, கறுப்பர், வெள்ளையர், ஸ்பானிய மொழியினர், வெளியே தன்பால் விருப்பத்தால் இகழப்பட்டவர் எல்லாரும் அங்கே ஒன்றாய் ஆடினர். சோல் இசையை உயிராய்க் கொண்ட அவர் ஒரு கட்டத்தில் பாட்டோடு பாட்டைக் கலப்பதையே நிறுத்திவிட்டார். ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து முடிவு வரை ஒலிக்கவிட்டார். படைத்தவர் எப்படிப் படைத்தாரோ அப்படியே கேட்பதுதான் முறை என்பது அவர் கொள்கை. பாட்டு முடிந்தபின் சில நொடி அமைதி; அதிலும் கைத்தட்டல். ஹெர்க் பத்து நொடியை எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டார். மான்குசோ ஒரு நொடியையும் விட மறுத்தார். நான் வகுப்பறையில் மான்குசோவின் கட்சி. பாடலை முழுதாகப் படிக்காமல் மேற்கோள் காட்டும் மாணவரிடம் கடுமையாகவே இருப்பேன். ஆயினும் நினைவில் தங்குபவை எப்போதும் ஹெர்க் எடுத்தவை போன்ற சில அடிகளே என்பதை மறைக்க இயலாது.

இனி, இக்கதையில் என்னை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். கவிஞர்கள் முன்னிலையில் இதைப் பேசாமல் போனால் என் தலைப்புக்கு நான் நேர்மை செய்தவளாக மாட்டேன்.

ஹெர்க் தம் தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைப்பார். நடுவே ஒட்டியிருக்கும் தாள் கழன்றுவிடும். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், நிறுவனத்தின் பெயர் யாவும் போய்விடும். போட்டிக்கு நிற்கும் டி.ஜே.க்கள் எட்டிப் பார்த்து அதே தட்டை வாங்கிவிடாதிருக்க இந்த ஏற்பாடு. இது அவர் பிறந்த மண்ணின் வழக்கம். 1950களின் கிங்ஸ்டனில் தெருவோரம் பெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டு போட்ட காக்ஸன் டாட், அமெரிக்காவிலிருந்து தருவித்த ஒரு தட்டின் தாளைச் சுரண்டிவிட்டு, அப்பாட்டுக்குத் தம் பெயரையே சூட்டி வழங்கினார். அவருடைய போட்டியாளர் டியூக் ரீட் நெடுநாள் தேடி அதன் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்துத் தம் மேடையில் போட்டபோது அது நகரத்தின் பேச்சாயிற்றாம்.

கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் இதே வழக்கம் இருந்தது. வட இங்கிலாந்தின் விகன் என்னும் ஆலைத் தொழில் நகரில் 1973 முதல் 1981 வரை 'விகன் காசினோ' என்னும் நடனக் கூடத்தில் நள்ளிரவுக்குப் பின் தொடங்கிக் காலை எட்டு மணி வரை இளம் தொழிலாளர்கள் அமெரிக்க சோல் இசைக்கு ஆடினார்கள். விற்பனையாகாமல் மூலையில் கிடந்த 1960களின் தட்டுகளே அவர்களுக்கு அமுதம். எவ்வளவு அரிதோ அவ்வளவு உயர்வு. ஃபிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுன் நிறுவனத்துக்காகப் பாடி, வெளிவராமலே போன தட்டொன்று இவ்வாறு விகனுக்கு வந்தது. அங்கே டி.ஜே. அதை எடி ஃபாஸ்டர் என்னும் வேறொருவர் பெயரால் அறிவித்துப் போட்டார். ஆயிரக்கணக்கானோர் அப்பாட்டுக்கு ஆடினார்கள். பாடியவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. 2009இல் அதன் படி ஒன்று ஏலத்தில் 25,000 பவுண்டுக்கு மேல் விலை போயிற்று.

நேசித்தவர்களே ஏன் பெயரை மறைத்தார்கள்? பொறாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அதில் வேறொன்றும் இருக்கிறது. மணிக்கணக்கில் பழைய தட்டுக் கடைகளின் பெட்டிகளில் தூசி படியத் துழாவி, கையிலிருந்த கடைசிக் காசைக் கொடுத்து வாங்கிய பின், கண்டவன் நானே என்னும் எண்ணம் ஆக்கியவன் நானே என்னும் எண்ணமாக மெல்ல மாறிவிடுகிறது. சுவைஞர் எவர்க்கும் நேரக்கூடிய மயக்கம் இது.

நம் தொகுப்பாளர்களை இங்கே மீண்டும் நினைக்கிறேன். அவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. கிடைக்காத இடத்திலும் வெறுமனே விட்டுவிடாமல், அப்புலவர் பாட்டில் சிறந்து நின்ற தொடரையே எடுத்து அவர்க்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், மீனெறிதூண்டிலார், ஓரேருழவனார். பெயரறியாத இடத்தில் பெயரிட்டவர்கள் அவர்கள். பெயரறிந்த இடத்தில் தாளைக் கழற்றியவர்கள் இவர்கள்.

1979இல் நியூ ஜெர்சியில் சில்வியா ராபின்சன் என்னும் அம்மையார் நடத்திய சிறு நிறுவனம், டி.ஜே.யின் தாளத்துக்கு மேலே இளைஞர்கள் சந்தத்தோடு பேசும் 'ராப்' கலையை ஒரு நெடிய இசைத்தட்டாக வெளியிட்டது. உலகெங்கும் ஹிப்-ஹாப் என்னும் பெயரைக் கொண்டு சென்றது அந்தத் தட்டே. அதன் பின்னணி, ஷீக் குழுவினர் அவ்வாண்டே வெளியிட்டிருந்த பாட்டை வாடகை வாத்தியக்காரர்கள் மீண்டும் வாசித்தது. உரியவர்கள் வழக்குத் தொடுப்போம் என்ற பின்னரே அவர்கள் பெயர் தட்டில் ஏறியது. அதைவிட வியப்பு ஒன்று உண்டு. அதில் பாடிய மூவருள் ஒருவர் ஒப்பித்த அடிகள், பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவர் எழுதியவை. எடுத்தவர் அவற்றை மாற்றவும் இல்லை. காஸ் தம் பழைய பட்டப்பெயரை எழுத்தெழுத்தாக உச்சரித்துக் கோத்திருந்த அடியையும் அப்படியே ஒப்பித்துவிட்டார். நம் கீர்த்தனைகளில் இயற்றியவர் முத்திரை இருப்பது போல, அந்தத் தட்டில் காஸின் முத்திரை இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பெயர் பொறிக்கும் இடத்தில் மட்டும் இல்லை.

1980களின் பிற்பகுதியில் ஒலித் துண்டைப் பதித்து வைத்துக்கொண்டு வேண்டியபோது இசைக்கும் 'சாம்ப்ளர்' கருவிகள் மலிந்தன. இரண்டு தட்டும் இரண்டு கையும் செய்ததை ஒரு பொத்தான் செய்தது. அப்போது எல்லாரும் தேடி எடுத்த முழக்கங்களுள் ஒன்று, ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்னும் டிரம்ஸ் கலைஞர் 1969 நவம்பரில் சின்சினாட்டி ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்தது. சாட்டனூகா நகரின் ஆலைகளும் இரயில்களும் எழுப்பிய ஓசையைக் கேட்டுத் தாளம் கற்றவர் அவர். பாட்டின் நடுவே பிரவுன் மற்றவர்களை ஒதுங்கச் சொல்லி, முழக்குபவருக்கு இடம் விடச் சொல்கிறார். ஏறத்தாழ இருபது நொடி. அதைக் கேட்ட மகிழ்ச்சியில் அங்கேயே அப்பாட்டுக்குப் பெயரும் சூட்டுகிறார்: 'ஃபங்கி டிரம்மர்', ஃபங்க் குணம் வாய்ந்த முழவுக்காரன். சங்கத் தொகுப்பாளர் செய்ததுபோல வேலையை வைத்தே பெயர். ஆனால் இயற்பெயர் இல்லை. பாட்டின் உரிமையும் இல்லை. அந்த இருபது நொடிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் பயின்றுள்ளன என்பர். பாட்டியற்றியவராகப் பதிவு பெறாமையால் ஸ்டபிள்ஃபீல்டுக்கு அவற்றிலிருந்து உரிமைத் தொகை கிடைக்கவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் திங்கட்கிழமை இரவுகளில் சிறு அரங்குகளில் வாசித்து வாழ்ந்தார். நோயுற்றபோது புகழ்பெற்ற பாடகர் பிரின்ஸ் மருத்துவச் செலவைத் தாமே முன்வந்து ஏற்றது, பிரின்ஸ் மறைந்த பின்னரே வெளியே தெரிந்தது. ஸ்டபிள்ஃபீல்ட் 2017இல் காலமானார்.

நீதிமன்றம் தலையிடவில்லையா என்று கேட்பீர்கள். தலையிட்டது. 1991இல் நியூயார்க் நீதிபதி ஒருவர், பிஸ் மார்க்கி என்னும் ராப் கலைஞர் அனுமதியின்றி வேறொருவர் பாட்டிலிருந்து துண்டு எடுத்த வழக்கில், விவிலியத்தின் பத்துக் கட்டளைகளுள் களவை விலக்கும் கட்டளையைச் சொல்லியே தீர்ப்பைத் தொடங்கினார். அதன் பிறகு துண்டுக்கு விலை வந்தது. அந்த விலை போய்ச் சேர்ந்ததோ பெரும்பாலும் நிறுவனங்களுக்கும் இயற்றியவராகப் பதிவானவர்களுக்கும். கூலிக்கு வாசித்துவிட்டுப் போன முழவுக்காரனைச் சட்டமும் தேடிப் போகவில்லை. நேசித்தவர் பெயரை மறைத்தார். தண்டித்தவரும் அதே பெயரைக் கேட்கவில்லை. ஆகவே களவு என்று இந்தக் கலையைத் தள்ளுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. எல்லா இசையும் எல்லார்க்கும் பொது என்று எளிதாகக் கைவீசுவோரோடும் உடன்பாடில்லை. பிந்தியவர்கள் வழக்கமாகத் தம் பாட்டின் உரிமையைக் கவனமாகப் பதிவு செய்துகொண்டவர்களாக இருப்பதையும் பார்க்கிறேன்.

ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். பின்வந்த தலைமுறை டி.ஜே.க்கள் கழற்றிய தாள்களைத் திரும்ப ஒட்டத் தொடங்கினார்கள். எந்தப் பிரேக் எந்தத் தட்டில் உள்ளது, யார் வாசித்தது என்று தேடிப் பட்டியலிட்டார்கள். 1986 முதல் 1991 வரை நியூயார்க்கில் பழைய பிரேக் பாட்டுகளைத் திரட்டி 25 தொகுதிகள் வெளியாயின. மறைத்து வைத்தவை கடைக்கு வந்தன. மறக்கப்பட்ட முதிய சோல் பாடகர்கள் பலரை இத்தகைய நேசர்களே தேடிப் போய் மேடைக்கு அழைத்து வந்தனர். கூல் ஹெர்க் 2023இல் அமெரிக்காவின் ராக் இசைப் புகழ்க் கூடத்தில், பிறர்மேல் செல்வாக்குச் செலுத்தியவர் என்னும் வரிசையில் சேர்க்கப்பட்டார். சொந்தமாக ஒரு பாட்டும் புகழ்பெறச் செய்யாத ஒருவர்க்கு அந்த இடம் தரப்பட்டது.

வாஷிங்டன் நகரில் 'வின்ஸ்டன்ஸ்' என்று ஒரு சோல் குழு இருந்தது. 1969இல் அவர்கள் வெளியிட்ட தட்டின் முன்பக்கப் பாட்டு கிராமி விருது பெற்றது. பின்பக்கத்தை நிரப்ப, பழைய காஸ்பல் மெட்டொன்றைத் தழுவி ஒரு வாத்திய இசையைப் பதிவு செய்தார்கள். அதன் நடுவே கிரகரி கோல்மன் என்னும் டிரம்ஸ் கலைஞர் நான்கு தாள வட்டங்கள் தனித்து வாசித்தார். ஏழு நொடிக்கு மேல் இராது. 'ஆமென் பிரேக்' என்று உலகம் இன்று அதைச் சொல்கிறது. ஹிப்-ஹாப் தட்டுகளிலும், இலண்டன் இரவு அரங்குகளில் பிறந்த 'ஜங்கிள்' என்னும் விரைவு இசையிலும், எண்ணற்ற விளம்பரங்களிலும் அந்த ஏழு நொடிகள் வேகம் மாறி, வெட்டுண்டு, தலைகீழாகித் திரும்பத் திரும்ப வருகின்றன. 2015இல் பிரிட்டனைச் சேர்ந்த டி.ஜே.க்கள் இருவர், இந்த இசையால் வாழ்ந்தவர்களிடமும் ஆடியவர்களிடமும் தாமாகக் கொடுக்கும்படி வேண்டி 24,000 பவுண்டு திரட்டினர். குழுவின் தலைவராயிருந்த ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் அத்தொகை ஒப்படைக்கப்பட்டது. கிரகரி கோல்மன் 2006இலேயே அட்லாண்டா நகரில் வீடற்றவராய் இறந்து போயிருந்தார்.